கறுப்படித்த தலை

ஊரில் உள்ளவர்கள் எல்லாம் வெளிச்சம் வேண்டும் என்று அலைகிறார்கள். நான் வெளிச்சத்தை விரட்டுவதற்காக ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உறவினர்கள் கூடும் இடத்தில் "தம்பி என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் கணவர் முந்திக்கொண்டு, கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் இவனுக்குக் கோபம் வரும், அதுதான் வேலை என்று சொல்லிவிடுவார். கேட்டவர் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். மாமா சொன்னதில் பிழையும் இல்லை.

நாங்கள் செய்வது காது கேளாதவர்களுக்கான கண்ணாடி. எதிரில் இருப்பவர் பேசினால், அந்தப் பேச்சு எழுத்தாக மாறி, மாட்டியிருப்பவரின் கண்முன்னே காற்றில் தொங்குவது போலப் பச்சை வரிகளாக ஓடும். கண்ணாடிக் காதுக்குள், அதாவது காதில் மாட்டும் கம்பிக்குள், நகத்தளவு ஒரு குட்டி விளக்கு எழுத்தைத் தயாரித்துக் கண்ணாடித் தகட்டுக்குள் அனுப்பும். தகடு அதைக் கண்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். சங்கடம் என்னவென்றால், தகட்டுக்கு ஆள் அடையாளம் தெரியாது. எழுத்து வந்த வழியிலேயே மேலே எரியும் டியூப்லைட்டும் பக்கத்து ஜன்னலும் எதிர்ச்சுவரும் அழையா விருந்தாளிகளாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் எழுத்தின்மேல் வெள்ளையாக ஒரு மூட்டம். அந்த விருந்தாளிகளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதுதான் என் உத்தியோகம்.

அக்கா ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். போன வருஷம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது அவள் காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு அப்படியே இருந்தது. குரல் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவள் எப்போதுமே அப்படித்தான் என்பதால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் அவளுடைய இடத்தை அப்படியே வைத்திருந்தது. ஆனால் தலைமை ஆசிரியை ஒரு நிபந்தனை வைத்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை அக்கா ஒரு வகுப்பு எடுக்க வேண்டும், அவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். பிள்ளைகள் கேட்பதைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல முடிந்தால் வகுப்பு அவளுடையது. முடியாவிட்டால் அலுவலகத்தில் விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைக்கும் வேலை. அடுக்குவதற்கு அலமாரி இருக்கிறதே, நான் எதற்கு என்று அக்கா வீட்டுக்கு வந்து கொதித்தாள்.

எங்கள் கண்ணாடி ஒன்றைச் சோதனைக்கு என்று கேட்டு வாங்கி அவளுக்குக் கொடுத்திருந்தேன். வீட்டில் பிரமாதமாக வேலை செய்தது. வாதத்தில் தோற்கப்போகிறாள் என்று தெரிந்தால் அக்கா அதைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவாள். காது கேட்ட காலத்தில் இந்த வசதி அவளுக்கு இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், தன் பழைய வகுப்பிலேயே நின்று பார்த்துவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"வீட்டுல நல்லாத்தான் படிக்க முடியுது. கிளாஸ்ல போய் நின்னா எழுத்து மேல பாலை ஊத்தின மாதிரி இருக்கு."

அப்படி இருக்க வாய்ப்பே இல்லை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். எங்கள் சோதனை அறையில் இந்தக் கண்ணாடி எடுத்த மதிப்பெண்ணைச் சொன்னேன். மற்ற கம்பெனிக்காரர்கள் பொறாமைப்படும் மதிப்பெண் அது. அக்கா முழுவதையும் பொறுமையாகப் படித்தாள்.

"உன் இருட்டு ரூம்ல நான் பாடம் எடுக்கலடா" என்றாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அதில் எழுத்தைப் படிக்கலாமே என்றேன். குனிந்து படிக்கிற டீச்சரை எந்தப் பிள்ளையும் மதிக்காது, யார் வாய் அசைகிறது என்று நான் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். ஜன்னலுக்குத் திரை போடலாமே என்றேன். எத்தனை வகுப்புக்குப் போடுவாய், வராந்தாவுக்கும் போடுவாயா, விளையாட்டு மைதானத்துக்குமா என்றாள். கடைசியில், "வியாழக்கிழமை நான் அங்க நிப்பேன். கண்ணாடியோட நிக்கிறதா, இல்லாம நிக்கிறதான்னு நீ முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வீட்டில் எனக்கு இதைவிடப் பெரிய பதவியை யாரும் கொடுத்ததில்லை.

எங்கள் சோதனை அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவர், கூரை, தரை, மேஜை, மேஜையின் திருகாணித் தலைகள், எல்லாம் கறுப்பு. உள்ளே போகிறவர்களும் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நடுவில் ஒரு கம்பத்தின்மேல் ஒரு பொம்மைத் தலை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா. நாங்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தோம். எதை மாட்டினாலும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கும், எல்லோரும் அதைச் சுற்றியே ஓடிக்கொண்டிருப்போம். மாப்பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டி, சுற்றிலும் ஒரு விளக்கை நகர்த்தி, எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் கண்ணுக்குள் திருட்டுத்தனமாகப் போகிறது என்று அளப்போம்.

முதலில் தகட்டின் விளிம்பைச் சந்தேகப்பட்டேன். விளிம்புக்கு அடிக்கும் கறுப்புப் பூச்சில் குமிழி இருந்தால் வெளிச்சம் அங்கே மோதித் திரும்பி வரும். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு புதிதாக அடித்தேன். மாப்பிள்ளை இன்னும் நல்ல மதிப்பெண் எடுத்தது. அக்கா வகுப்பில் போட்டுப் பார்த்து, பால் கொஞ்சமும் குறையவில்லை என்று செய்தி அனுப்பினாள். அடுத்து நெற்றிக்கு மேலே ஒரு சின்னக் கூரை ஒட்டினேன். மதிப்பெண் அதற்கும் மேலே போனது. அக்கா நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, தொப்பி போட்ட ஆந்தை மாதிரி இருக்கிறேன், பாலும் அப்படியே இருக்கிறது, இரண்டில் ஒன்றையாவது சரிசெய் என்றாள்.

மாப்பிள்ளையைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று சனிக்கிழமை காலையில் அக்காவோடு நானே பள்ளிக்கூடம் போனேன்.

காலியாக இருந்த ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். பெஞ்சில் பல தலைமுறைகள் காம்பஸ் முனையால் பெயர் செதுக்கியிருந்தார்கள். கரும்பலகைக்கு மேலே வரிசையாக உயரமான ஜன்னல்கள். காலை வெயில் அவற்றின் வழியாகச் சரிந்து இறங்கி, பலகைக்கு முன்னால் நிற்கிறவர் முதுகில் விழுந்தது. அக்கா அந்த வெயிலில் நின்றாள். நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, ஒன்பதாம் வகுப்புப் பையனாக நடித்துக் கேள்வி கேட்டேன். நடிப்புக்கு அவசியம் இருக்கவில்லை, பாதிக் கணக்கு எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

"பால்" என்றாள் அக்கா. இடது பக்கம் போகச் சொன்னேன். "பால்." வலது பக்கம். "பால்தான்." ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, கண்ணாடி முன்னால் இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இருந்தாலும் அடுத்த கேள்வியைக் கேட்டேன், அதற்கடுத்ததையும் கேட்டேன். புத்தகம் தீரும்வரை கேட்பது என்ற முடிவில் இருந்தேன்.

வட்டத்தைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தபோது, காதோரம் விழுந்த முடியை ஒதுக்க அக்கா கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

"இப்ப தெரியுது" என்றாள்.

கையை இறக்கினாள். பால். மறுபடி தூக்கிக் காதுக்குப் பின்னால் விசிறி மாதிரி வைத்தாள். எழுத்து தெளிந்தது. நான் பெஞ்சிலிருந்து எழுந்த வேகத்தில் முழங்காலை இடித்துக்கொண்டு நொண்டியபடியே ஓடினேன். அவளுக்குப் பின்னால் நின்று, கணக்குப் புத்தகத்தை ஒரு காதுக்குப் பின்னாலும் வருகைப் பதிவேட்டை மறு காதுக்குப் பின்னாலும் பிடித்தேன். முக்கால்வாசி போய்விட்டது, கீழே மட்டும் கொஞ்சம் மூட்டம் என்றாள். பையில் சோதனை அறையின் கறுப்புத் துணி ஒரு துண்டு இருந்தது. அதை அவள் கன்னத்தில் வைத்தேன். மிச்சமும் போய்விட்டது.

"என் மூஞ்சியில கரி பூசணும்னு சின்ன வயசுலேர்ந்து உனக்கு ஒரு ஆசை" என்றாள் அக்கா. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. கன்னத்தில் துணியோடு அசையாமல் நின்றாள். மேலே பேசு, பேசு, நான் படிக்க வேண்டும் என்றாள். எனக்குப் பேச ஒன்றும் தோன்றாமல் வாய்ப்பாடு சொன்னேன்.

விஷயம் இவ்வளவுதான். பின்னாலிருந்து வரும் வெயில் காதை உரசிக்கொண்டு முன்னால் வந்து அவள் கன்னத்தில் விழுகிறது. கன்னம் பளீரென்று ஆகிறது. கண்ணாடியின் உள்பக்கம் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியாகி, அந்தக் கன்னத்தை அவளுக்கே காட்டுகிறது. நான் ஊர் விளக்கையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பால் ஊற்றியது அக்காவின் சொந்த முகம்.

அப்படியென்றால் சோதனை அறையில் ஏன் இது தெரியவில்லை? கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து யோசித்தேன். அதிக நேரம் ஆகவில்லை. மாப்பிள்ளைக்குக் கன்னம் கிடையாது. இருக்கிறது, ஆனால் கறுப்பு அடித்த கன்னம். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் மாப்பிள்ளை தோல் நிறத்தில்தான் இருந்ததாம். அந்த முகம் மினுங்கி அளவைக் கெடுக்கிறது என்று கூட்டம் போட்டுப் பேசி, உச்சந்தலையிலிருந்து கழுத்துவரை கறுப்பு அடித்திருக்கிறார்கள். அளவு உடனே நன்றாகிவிட்டது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். காய்ச்சல் காட்டுகிறது என்று வெப்பமானியை மாற்றியவர்களின் கூட்டத்தில் நானும் இத்தனை நாள் பெருமையாக இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மேலாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். தலையின் நிறத்தை மாற்றினால் இதுவரை அளந்ததையெல்லாம் திரும்ப அளக்க வேண்டும், வெளியே காட்டிய எண்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும், ஒரு வகுப்பறையில் ஒரு டீச்சருக்குத் தெரிந்த மூட்டத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது என்றார். அந்த டீச்சர் உன் அக்கா என்பதையும் நாசூக்காக நினைவுபடுத்தினார்.

என் தலையை வைத்து அளந்து பாருங்கள் என்றேன்.

மாப்பிள்ளையைக் கம்பத்திலிருந்து இறக்கிவிட்டு நான் அந்த இடத்தில் தாடையை வைத்தேன். இமையை மூடி, அதன்மேல் பட்டன் அளவு கேமராவை நாடாவால் ஒட்டினார்கள். ஒட்டியவர் பூச்சுப் பிரிவின் பொறியாளர். வெற்றிடப் பெட்டிக்குள் பொருளை ஆவியாக்கிக் கண்ணாடிமேல் படியவைப்பது அவர் வேலை, அதனால் அவருக்கு ஆவி என்று பெயர். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்பார் என்பதும் ஒரு காரணம். சிரிக்காதீர்கள், பல் தெரிந்தால் திருட்டு வெளிச்சத்தின் எண் ஏறும் என்று எச்சரித்துவிட்டு, விளக்கை என் முதுகுப் பக்கம் நகர்த்தினார்.

திரையில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு மேலாளர் என்னை முகம் கழுவிவரச் சொன்னார். எண்ணெய் வழிகிற முகம் என்று அவருக்கு நம்பிக்கை. கழுவிவிட்டு வந்தேன். எண் இறங்கவில்லை. இது உன் முகத்தின் கோளாறு என்று சொல்லி, அதை நிரூபிக்க அவரே அங்கியை மாட்டிக்கொண்டு கம்பத்தில் தாடையை வைத்தார். அவருடைய வெள்ளைத் தாடி எனக்குச் செய்த உதவியை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். எண் என்னுடையதைவிட இரண்டு மடங்கு ஏறி நின்றது.

மேலாளர் கேமராவை இமையிலிருந்து உரித்தார்.

"தலையை மாத்துங்க" என்றார். "கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

தலையை மாற்றுவது பிறகு. வியாழக்கிழமை என் அவசரம். கண்ணாடியின் உள்பக்கத்தில், கண்ணைப் பார்த்திருக்கும் பரப்பில், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லை. அங்கே வெளிச்சமே வருவதில்லை என்று மாப்பிள்ளை சாட்சி சொன்னதால் அதை வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். இப்போது பூசலாம், ஆனால் குட்டி விளக்கு ஒட்டிய தகடு சூடு தாங்காது, குறைந்த சூட்டில் மெதுவாகத்தான் பூச வேண்டும், அப்படிப் பூசினால் சில சமயம் உரிந்துவிடும் என்று ஆவி சொன்னார். உரிந்தால் தகடு போச்சு. அக்காவின் கண்ணுக்கு அளவெடுத்துச் செய்த வேறு தகடு கைவசம் இல்லை.

இதை நான் முடிவு செய்யக் கூடாது என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் வரிகள் ஓடி முடியும்வரை கத்தி நின்றது.

"உரிஞ்சா உரியட்டும். இப்ப இருக்கிறதை மாட்டிக்கிட்டு நான் தோக்கத்தான் போறேன். பூசச் சொல்லு" என்றாள். கத்தி மறுபடி ஓட ஆரம்பித்தது.

தகடு பெட்டிக்குள் இருந்த நேரத்தில் நான் காதோரத்துக்கு ஒரு மறைப்புச் செய்தேன். மீன் செதில் அளவு, பளபளப்பில்லாத கறுப்பு. கண்ணாடிக் காதின் பின்பக்கத்திலிருந்து வரும் வெயிலைக் கன்னத்துக்கு முன்பே தடுக்க வேண்டும், பக்கத்தில் நிற்கிறவரைப் பார்ப்பதையும் கெடுக்கக் கூடாது. முதலில் செய்தது அவள் காதைக் குத்தியது. இரண்டாவது, குதிரைக்குக் கட்டுகிற கண்மறைப்பு போல இருந்தது. அதைக் கையால் காட்டியே சொன்னது மாமா, அக்கா முறைத்ததால் வாக்கியத்தைப் பாதியில் விட்டார். மூன்றாவதைத் தேய்த்துத் தேய்த்து, இருப்பதே தெரியாத அளவுக்குக் கொண்டுவந்தேன். ஆவி தகட்டை வெளியே எடுத்து, பூச்சின் ஓரத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி வெடுக்கென்று இழுத்தார். என் உயிரும் கூடவே வந்தது. பூச்சு வரவில்லை.

வியாழக்கிழமை ஒரு மேகம்கூடத் தலைகாட்டவில்லை. தலைமை ஆசிரியை அனுமதி கொடுத்ததால் நான் கடைசி பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கரும்பலகையின் ஓரத்தில் கொஞ்சம் நிழல் இருந்தது. அங்கே போய் நில் என்று அக்காவுக்குக் கண்ணால் காட்டினேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு நேராக வெயிலின் நடுவில் போய் நின்று, சமன்பாடு ஒன்றைப் பலகையில் எழுதினாள்.

எதிர்பாராத ஆபத்து ஒன்று வந்தது. பிள்ளைகள் நல்லவர்களாகிவிட்டார்கள். டீச்சருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று பேசிவைத்துக்கொண்டு, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பி, இப்படி இருந்தால் நான் எதை வைத்து முடிவு செய்வது என்று மெதுவாகக் கேட்டார்.

"கேள்வி ஒண்ணும் இல்லையா?" என்றாள் அக்கா. "அப்ப எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு. பேப்பரை எடுங்க, டெஸ்ட் வச்சிடலாம்."

அதோடு நல்லெண்ணம் கலைந்தது. ஒரே நேரத்தில் பல கேள்விகள் கிளம்பின. அக்கா கையை உயர்த்தி நிறுத்தி, ஜன்னலோரத்தில் இருந்தவனைக் காட்டி, நீதான் முதலில் வாயைத் திறந்தாய், நீ கேள் என்றாள். அவன் கேட்டான், பதில் சொன்னாள். அடுத்தவள், அடுத்தவன். ஒருத்தன் வேண்டுமென்றே வேகமாகப் பேசினான், அவனை மெதுவாகத் திரும்பச் சொல்ல வைத்தாள், காது கேட்ட காலத்திலும் இப்படிப்பட்டவர்களிடம் அப்படித்தான் செய்வாளாம்.

பிறகு நடு வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்கிறீர்கள், அது ஏன் மாறுகிறது, போகிற வழியில் அதற்கு என்ன ஆகிறது என்று கேட்டாள்.

அக்கா பதில் சொல்லவில்லை.

வெயில் அவள் தோளிலும் கன்னத்திலும் எரிந்துகொண்டிருந்தது. தலைமை ஆசிரியையின் பேனா நின்றது. பூச்சு உரிந்துவிட்டதா, மறைப்பு நகர்ந்துவிட்டதா, நான் யோசிக்காத வேறு எந்தப் பக்கத்திலிருந்தாவது பால் வந்துவிட்டதா என்று என் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடியது. எழுந்து ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கலாமா என்றுகூட யோசித்தேன்.

"அது எங்கேயும் போகலை" என்றாள் அக்கா கடைசியில். "நாங்கதான் சோம்பேறித்தனமா அப்படிச் சொல்லிப் பழகிட்டோம். அழிச்சிட்டு முதல்லேர்ந்து பாக்கலாம், வா."

அவள் அந்தப் பெண்ணைப் பலகைக்குக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கழிக்கச் சொன்னாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் படிக்க முடியாமல் நிற்கவில்லை. படித்துவிட்டு யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு கேள்விக்கு முன்னால் அக்கா அப்படி நின்று எத்தனை நாளாகிவிட்டது.

மணி அடித்ததும் தலைமை ஆசிரியை முன்னால் போய், நாளையிலிருந்து மூன்றாவது பீரியட் உங்களுடையது டீச்சர் என்றார். அக்கா படித்துவிட்டு, எனக்கு முன்பெல்லாம் முதல் பீரியட்தானே, மூன்றாவதில் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும், கணக்கு ஏறாது என்றாள். அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் தப்பித்துப் போனார்.

நான் பக்கத்தில் போய், மூட்டம் ஏதாவது மிச்சம் இருந்ததா என்று கேட்டேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டேன், மறைப்பதற்கில்லை.

"கீழே ஒண்ணுமே இல்லை. ஆனா டியூப்லைட் போட்டதும் வலது பக்கம் மேலே ஒரு கோடு வருது."

விளிம்பாக இருக்கலாம். மூக்குத் தாங்கியாகவும் இருக்கலாம். எங்கே, எந்தச் சரிவில், எவ்வளவு நீளம் என்று கேட்டேன். அடுத்த பீரியட் டீச்சர் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் சாக்பீஸால் ஒரு சின்னச் செவ்வகம் வரைந்து, அதன் மூலையில் சாய்வாக ஒரு கோடு போட்டு, கோணத்தையும் குறித்தாள்.

"அடுத்த வாரத்துக்குள்ள" என்று சொல்லிவிட்டுப் பலகையை அழிக்கத் திரும்பினாள்.

பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை விரித்தபடியே சோதனை அறைவரை கொண்டுபோனேன்.